எக்ஸ்எம்எல் தரவிலிருந்து நடைதாள் வழியாகப் பிடிஎஃப்: ஜாவா நிரலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எக்ஸ்எம்எல் வடிவில் உள்ள தரவை, ஸ்டைல்ஷீட் எனப்படும் நடைதாளின் துணையுடன் பிடிஎஃப் ஆவணமாக்க விரும்பும் ஜாவா நிரலாளர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. இங்கே பேசப்படும் கருவி அபாச்சி எஃப்ஓபி. நடைதாளின் மொழி எக்ஸ்எஸ்எல்டி. இவ்விரண்டையும் இணைக்கும் இடைவடிவம் எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ. உறுப்புகள், பண்புகள், ஜாவா வகுப்புகள் ஆகியவற்றின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன.

எக்ஸ்எம்எல் கோப்பை நேரடியாகப் பிடிஎஃப் ஆக்க முடியாதா? நடுவில் இன்னொரு வடிவம் எதற்கு?

எக்ஸ்எம்எல் கோப்புக்குப் பக்கம் என்றால் என்னவென்று தெரியாது. அதில் வாடிக்கையாளரின் பெயர் இருக்கும், தொகை இருக்கும், தேதி இருக்கும். ஆனால் தாளின் அகலமோ, ஓரத்தில் விட வேண்டிய இடைவெளியோ, அட்டவணை ஒரு பக்கத்தில் அடங்காதபோது எங்கே வெட்டுவது என்பதோ இருக்காது. பிடிஎஃப் கோப்போ இதற்கு நேர் எதிரானது: எந்த எழுத்து எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இந்த இரு முனைகளுக்கும் இடையில், இது பத்தி, இது அட்டவணை, இது பக்கத்தின் தலைப்பகுதி என்று சொல்லும் மொழி ஒன்று தேவைப்படுகிறது. அந்த மொழியே எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எக்ஸ்எஸ்எல் என்று தொடங்கிய ஒரே முயற்சிதான் பின்னர் இரண்டாகப் பிரிந்தது. எக்ஸ்எம்எல் ஆவணத்தை உறுப்புகளின் மரமாகக் கொண்டு வேறொரு மரமாக மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி 1.0, 1999 நவம்பரில் பரிந்துரையானது. பக்க வடிவமைப்புக்கான எக்ஸ்எஸ்எல் 1.0, 2001 அக்டோபரிலும், அதன் 1.1 பதிப்பு 2006 டிசம்பரிலும் வெளிவந்தன. ஆகவே உங்கள் வேலை இரண்டு கட்டங்களாக நடக்கிறது: நடைதாள் தரவை எஃப்ஓ ஆவணமாக மாற்றுகிறது, எஃப்ஓபி அதைப் பக்கங்களாக அடுக்கிப் பிடிஎஃப் எழுதுகிறது.

இந்தப் பிரிவை மனத்தில் இருத்திக்கொள்வது கோட்பாட்டு ஆர்வத்துக்காக அன்று. வெளியீடு தவறாக வரும்போது, பிழை எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் உருவாகும் எஃப்ஓ ஆவணத்தைக் கோப்பாகச் சேமித்துத் திறந்து பார்த்தால் அதற்கு விடை கிடைத்துவிடும். எஃப்ஓபியின் கட்டளை வரியில் ஃபோஅவுட் என்ற தெரிவு இதற்காகவே இருக்கிறது. காணாமல் போன ஒரு வரிசையைத் தேடி எஃப்ஓபியின் அமைப்புகளை இரண்டு நாள் மாற்றிமாற்றிப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. எஃப்ஓ கோப்பைத் திறந்திருந்தால், அந்த வரிசை நடைதாளிலேயே விடுபட்டது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து எந்தத் திட்டத்திலும் இடைக்கோப்பைச் சேமிக்கும் ஒரு சுவிட்சை முதலிலேயே வைத்துவிடுகிறேன்.

இதற்கு என்னென்ன தேவை?

எக்ஸ்எஸ்எல்டி மாற்றத்துக்கான இடைமுகம் 1.4 பதிப்பிலிருந்தே ஜாவாவின் நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகேயுடன் வருகிறது. ஆனால் ஜேடிகேயில் உள்ள செயலி எக்ஸ்எஸ்எல்டி 1.0 மட்டுமே அறியும். தரவைக் குழுவாகப் பிரிக்கும் வேலை அடிக்கடி வருமானால், 2.0 பதிப்பின் ஃபார்-ஈச்-குரூப் உறுப்பு இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். அப்போது சாக்சன் செயலியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் கட்டணமில்லாப் பதிப்பே எக்ஸ்எஸ்எல்டி 3.0-ஐ ஆதரிக்கிறது. மேவன் என்ற கட்டமைப்புக் கருவியில் எஃப்ஓபியைச் சார்பு நூலகமாகச் சேர்த்தால், எஸ்விஜி எனப்படும் கோட்டுப் பட வடிவத்துக்கான பேட்டிக் உள்ளிட்ட துணை நூலகங்கள் தாமாகவே வந்து சேரும். எஃப்ஓபி அபாச்சி உரிமம் 2.0-இன் கீழ் வெளியாவதால் வணிகப் பயன்பாட்டுக்கும் தடை இல்லை.

ஜாவா நிரலில் செய்ய வேண்டியவை எவை?

முதலில் எஃப்ஓபி-ஃபேக்டரி பொருளை உருவாக்குகிறீர்கள், 2.0 பதிப்பிலிருந்து அதற்கு அமைவுக் கோப்பையோ அடிப்படை முகவரியையோ கட்டாயம் தர வேண்டும். பழைய பயிற்சிக் குறிப்புகளில் காணப்படும், எதுவும் தராமல் அழைக்கும் முறை இப்போது தொகுக்கப்படாது. பிறகு அந்த ஃபேக்டரியிடம், வெளியீட்டு வகை பிடிஎஃப் என்றும் எழுத வேண்டிய ஓடை இது என்றும் சொல்லி ஒரு எஃப்ஓபி பொருளைப் பெறுகிறீர்கள். அடுத்து நடைதாளிலிருந்து ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை உருவாக்கி, அதன் உள்ளீடாக எக்ஸ்எம்எல் கோப்பையும், அதன் முடிவிடமாக எஃப்ஓபி பொருளின் ஹேண்ட்லரை (நிகழ்வுகளைப் பெறும் பகுதியை)ப் பொதிந்த சாக்ஸ்-ரிசல்ட் பொருளையும் கொடுத்து மாற்றத்தை இயக்குகிறீர்கள். எஃப்ஓ ஆவணம் வட்டில் எழுதப்படாமல், நிகழ்வுகளின் ஓடையாக நேரே எஃப்ஓபிக்குள் பாயும்.

வெளியீட்டு ஓடையை இடையகம் கொண்ட ஓடையாகச் சுற்றித் தருவதையும், வேலை முடிந்ததும் அதை மூடுவதையும் மறக்காதீர்கள். மூடப்படாத ஓடையால் இறுதிப் பகுதி எழுதப்படாமல் போய், பிடிஎஃப் பழுதடைந்துள்ளது என்று படிப்பான்கள் மறுக்கும் முறையீடு மிகவும் அடிக்கடி வருகிறது.

சேவையகத்தில் பலர் ஒரே நேரத்தில் ஆவணம் கேட்டால் எதை மறுபடி பயன்படுத்தலாம், எதைப் புதிதாக உருவாக்க வேண்டும்?

எஃப்ஓபி-ஃபேக்டரியை ஒருமுறை உருவாக்கிப் பயன்பாடு முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துருக்களைப் பற்றிய தகவலை அது நினைவில் வைத்திருப்பதால், ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால் நேரம் வீணாகும். எஃப்ஓபி பொருள் ஓர் ஆவணத்துக்கு மட்டுமே உரியது. நடைதாளை டெம்ப்ளேட்ஸ் பொருளாகத் தொகுத்து வைத்தால் ஒரே நேரத்தில் இயங்கும் பல த்ரெட்டுகள் அதை அச்சமின்றிப் பகிரலாம். ஆனால் அதிலிருந்து பெறும் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பகிரக் கூடாது.

எஃப்ஓ ஆவணத்தின் அமைப்பு எப்படி இருக்கும்?

வேர் உறுப்பான ரூட்டுக்குள் முதலில் லேஅவுட்-மாஸ்டர்-செட் வரும். பக்கத்தின் அச்சுகள், அதாவது பக்க மாதிரிகள், இங்கே வரையறுக்கப்படும்: ஏ4 தாள் என்றால் அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297 மில்லிமீட்டர், ஓரங்கள், நடுப்பகுதி, தலைப்பகுதி, அடிப்பகுதி என்று. அதன்பின் ஒன்றோ பலவோ பேஜ்-சீக்வென்ஸ் உறுப்புகள் வரும். ஒவ்வொன்றும் ஓர் அச்சைச் சுட்டி, பக்கந்தோறும் திரும்ப வருபவற்றை ஸ்டாட்டிக்-கன்டென்ட் உறுப்பிலும், பக்கம் பக்கமாக ஓடும் உரையை ஃப்ளோ உறுப்பிலும் தாங்கும். ஃப்ளோவுக்குள் பத்திக்கு பிளாக், வரிக்குள் மாறும் எழுத்துநடைக்கு இன்லைன், அட்டவணைக்கு டேபிள்.

உறுப்புகளின் வரிசை முறையில் எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ தரம் கண்டிப்பானது. பக்க அச்சுக்குள் நடுப்பகுதியைக் குறிக்கும் ரீஜன்-பாடி முதலில் வர வேண்டும். ஸ்டாட்டிக்-கன்டென்ட் உறுப்புகள் ஃப்ளோவுக்கு முன்னால் வர வேண்டும். அட்டவணையின் அடிப்பகுதி, கண்ணுக்குக் கடைசியில் தெரிந்தாலும், உடற்பகுதிக்கு முன்னால் எழுதப்பட வேண்டும். அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது ஒரு பிளாக் இருக்க வேண்டும் என்பதும் அப்படியே. தரவில் மதிப்பு இல்லாதபோது நடைதாள் பிளாக்கையே எழுதாமல் விட்டுவிட்டால் எஃப்ஓபி பிழை காட்டி நின்றுவிடும். எனவே பிளாக்கை நிபந்தனைக்கு வெளியிலும், மதிப்பை நிபந்தனைக்கு உள்ளேயும் வையுங்கள்.

தலைப்பகுதி உரையின் மேல் ஏறி அச்சாகிறது. ஏன்?

தலைப்பகுதிக்கு எக்ஸ்டென்ட் பண்பில் நீங்கள் தரும் உயரம் நடுப்பகுதியைத் தானாகக் கீழே தள்ளாது. ரீஜன்-பாடியின் மேல் ஓரத்தை, அந்த உயரத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ நீங்களே அமைக்க வேண்டும். அடிப்பகுதிக்கும் இதுவே விதி.

சில எழுத்துகளுக்குப் பதிலாக # குறி அச்சாகிறது. என்ன காரணம்?

தேர்ந்தெடுத்த எழுத்துருவில் அந்த எழுத்துக்கு உரிய வடிவம் இல்லை என்பதை எஃப்ஓபி அவ்வாறு காட்டுகிறது; பதிவேட்டில் எச்சரிக்கையும் இருக்கும். பிடிஎஃப்பின் 14 அடிப்படை எழுத்துருக்கள் லத்தீன் எழுத்துகளுக்கும் சில குறியீடுகளுக்கும் மட்டுமே போதுமானவை. அவற்றில் இல்லாத நாணயக் குறியீடுகளும் பிற எழுத்துமுறைகளும் வேண்டுமானால் உங்கள் எழுத்துருவை அமைவுக் கோப்பில் பதிவு செய்ய வேண்டும்.

பதிவு செய்யும்போது எழுத்துருக் கோப்பின் முகவரியோடு, பெயர், சாய்வு, தடிமன் ஆகிய மூன்றையும் கொண்ட மும்மை ஒன்றைத் தருகிறீர்கள். நடைதாளில் தடித்த எழுத்தைக் கேட்டுவிட்டு, தடித்த எழுத்துக்கான மும்மையைப் பதிவு செய்யாமல் விட்டால், எஃப்ஓபி வேறொன்றைப் பதிலியாக வைத்துக்கொள்ளும். அமைப்பில் நிறுவப்பட்ட எழுத்துருக்களைத் தானாகக் கண்டறியும் வசதியும் உண்டு. ஆனால் நிரலாளரின் கணினியில் உள்ள எழுத்துரு சேவையகத்தில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எழுத்துருக் கோப்பைத் திட்டத்துடனேயே வைத்து, பெயர் சொல்லிப் பதிவு செய்வதையே நான் வலியுறுத்துவேன்.

தமிழ் எழுத்துகள் உருக்குலைந்து வருகின்றனவே?

# குறி வராமல், எழுத்துகள் வந்தும் தவறாக வந்தால், சிக்கல் எழுத்துருவில் வடிவம் இல்லாதது அன்று. வடிவங்களை அடுக்கும் முறையே சிக்கல். யூனிகோடில் கெ, கே, கை ஆகியவற்றில் மெய் முதலிலும் கொம்பு அதன் பின்னும் சேமிக்கப்படுகின்றன. அச்சிலோ கொம்பு மெய்யின் இடப்புறம் நிற்க வேண்டும். கொ, கோ, கௌ ஆகியவற்றில் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் அமர வேண்டும். கு, சு, டு, மூ போன்றவற்றில் மெய்யும் உயிரும் கலந்து புதிய வடிவமே உருவாகிறது. எழுத்துருவுக்குள் உள்ள ஓப்பன்டைப் மாற்று அட்டவணைகளைப் படித்து இந்த வேலைகளைச் செய்யும் திறன் மென்பொருளுக்கு இருக்க வேண்டும்.

சிக்கலான எழுத்துமுறைகளுக்கான இந்த ஏற்பாடு எஃப்ஓபியில் 2012-இல் வெளியான 1.1 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளைக் கொண்டு தமிழில் முயல்வது வீண். பிந்தைய பதிப்புகளிலும், எல்லா எழுத்துமுறைகளுக்குமான ஆதரவு ஒரே அளவில் முதிர்ந்ததாக இல்லை. ஆகவே நடைதாள் முழுவதையும் எழுதி முடித்த பிறகு சோதிக்காமல், முதல் நாளிலேயே கை, கொ, கோ, கௌ, கு, மூ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை மட்டும் கொண்ட ஒரு சிறு எஃப்ஓ கோப்பை, நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே பதிப்பிலும் அதே எழுத்துருவிலும் அச்சிட்டுப் பாருங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரிவதோடு நிறுத்திவிடாதீர்கள். பிடிஎஃப்பிலிருந்து சொற்களைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், தேடியும் பாருங்கள். அச்சில் அழகாகத் தோன்றும் ஆவணத்தில் தேடல் வேலை செய்யாமல் போவது உண்டு. அப்படிப்பட்ட ஆவணம் பார்வையற்ற வாசகரின் திரைபடிப்பானுக்கும் பயன்படாது. இச்சோதனையில் தேறாவிட்டால், எழுத்து அடுக்குதலுக்கு ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்தும் உலாவி இயந்திரங்களின் அச்சு வழியை நாடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அட்டவணைகளில் கவனிக்க வேண்டியவை எவை?

உள்ளடக்கத்தைப் பார்த்து நெடுவரிசையின் அகலத்தைத் தானாகக் கணிக்கும் முறையை எஃப்ஓபி ஆதரிப்பதில்லை. டேபிள்-காலம் உறுப்புகளில் அகலங்களை நீங்களே சொல்லிவிடுங்கள். மில்லிமீட்டரில் சொல்ல வேண்டாதபோது, புரபோர்ஷனல்-காலம்-வித் என்ற சார்பின் மூலம் மூன்று பங்கு, ஒரு பங்கு என்று விகிதமாகத் தரலாம்.

அட்டவணையின் தலைவரிசை, பக்கம் மாறும்போதெல்லாம் தானாகத் திரும்ப வரும். ஒரு வரிசை பாதியில் வெட்டுப்படாமல் இருக்க, அந்த வரிசையின் கீப்-டுகெதர் பண்பில் பக்கத்துக்குள் எப்போதும் சேர்ந்திருக்கும்படி அமைக்கலாம். ஆனால் இதையே முழு அட்டவணைக்கும் வைத்துவிட்டால், அது ஒரு பக்கத்தைவிட நீளமாகும் நாளில் விளைவு அலங்கோலமாகும். மொத்தத் தொகை காட்டும் கடைசி வரிசை தனியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது என்ற குறை பலருக்கும் உண்டு. அதற்கு முந்தைய வரிசையில் கீப்-வித்-நெக்ஸ்ட் பண்பை அமைத்தால் இரண்டும் சேர்ந்தே நகரும்.

இடைவெளியே இல்லாத நீண்ட கணக்கு எண்களும் இணைய முகவரிகளும் கட்டத்தை மீறி வெளியே வழியும். அவற்றுக்கு நடுவே அகலமற்ற இடைவெளிக் குறியை நடைதாளிலேயே செருகினால், தேவைப்படும் இடத்தில் வரி முறியும்.

“பக்கம் 3 / 12” என்று அச்சிடுவது எப்படி?

நடப்புப் பக்கத்துக்குப் பேஜ்-நம்பர் உறுப்பு. மொத்தப் பக்கத்துக்கு, பேஜ்-சீக்வென்ஸ் உறுப்புக்கு ஒரு அடையாளப் பெயர் கொடுத்து, பேஜ்-நம்பர்-சைட்டேஷன்-லாஸ்ட் உறுப்பால் அதைச் சுட்டுங்கள். இந்த உறுப்பு எக்ஸ்எஸ்எல் 1.1-இல் வந்தது, பழைய நடைதாள்களில் ஃப்ளோவின் கடைசியில் வெறும் பிளாக் ஒன்றை வைத்து அதன் பக்க எண்ணைக் கேட்கும் உத்தியைக் காண்பீர்கள், அதுவும் இன்றும் இயங்கும். பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் இடையே புள்ளிக்கோடு இட லீடர் உறுப்பு உதவும். பக்கத்தின் தலைப்பகுதியில் நடப்பு அத்தியாயத்தின் பெயர் வர வேண்டுமானால் மார்க்கர், ரிட்ரீவ்-மார்க்கர் என்ற இணையைப் பயன்படுத்துங்கள்.

பெரிய ஆவணங்களில் நினைவகம் தீர்ந்துபோகிறது. ஜாவாவுக்கு இன்னும் நினைவகம் தருவதுதான் வழியா?

அது கடைசி வழியாக இருக்கட்டும். எஃப்ஓபி ஒரு பேஜ்-சீக்வென்ஸ் முழுவதையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டே பக்கங்களைப் பிரிக்கிறது. பல்லாயிரம் வரிசைகளை ஒரே பேஜ்-சீக்வென்ஸ் தொடரில் அடைத்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் நிற்கும். அத்தியாயத்துக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று என்று தொடரைப் பிரித்தால், முடிந்த தொடர் எடுத்த இடம் விடுவிக்கப்படும். நான் கண்ட நினைவகச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்தாலேயே தீர்ந்தன.

மொத்தப் பக்க எண் இதற்குக் குறுக்கே நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆவணத்தின் கடைசிப் பக்கம் எது என்று தெரியும்வரை முதல் பக்கத்தின் அடிப்பகுதியை முடிக்க முடியாது. ஆகவே எல்லாப் பக்கங்களும் காத்திருக்கும். மொத்த எண்ணை ஆவணம் முழுவதற்கும் கேட்காமல் அந்தத் தொடருக்கு மட்டும் கேட்டால் காத்திருப்பு குறையும். தவிர்க்க முடியாதபோது, காத்திருக்கும் பக்கங்களை வட்டில் எழுதி வைக்கும் கன்சர்வ் தெரிவு இருக்கிறது. வேகம் சற்றுக் குறையும்.

எஃப்ஓபியை மட்டும் கவனித்து நடைதாள் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். எக்ஸ்எஸ்எல்டி செயலி மூலக் கோப்பு முழுவதையும் மரமாக நினைவகத்தில் கட்டிக்கொள்கிறது. எக்ஸ்எம்எல் கோப்பே மிகப் பெரியதானால், அதைத் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனி ஆவணங்களாக்கிப் பின்னர் ஒன்றிணைப்பது நலம்.

படங்கள் ஏன் வரவில்லை?

பெரும்பாலும் முகவரிதான் காரணம். சார்பு முகவரிகள், நடைதாள் இருக்கும் இடத்திலிருந்து அன்று, எஃப்ஓபிக்கு நீங்கள் தந்த அடிப்படை முகவரியிலிருந்து கணக்கிடப்படும். கோடுகளால் ஆன சின்னங்களையும் வரைபடங்களையும் எஸ்விஜி வடிவில் தந்தால் எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது.

பாதுகாப்பைப் பற்றி எதைக் கவனிக்க வேண்டும்?

எக்ஸ்எம்எல் வெளியாரிடமிருந்து வருகிறது என்றால் மிகுந்த கவனம் வேண்டும். கோப்பின் தொடக்கத்தில் உள்ள வரையறைப் பகுதியில் வேறொரு கோப்பைச் சுட்டும் வெளிப்புற உருபொருள் ஒன்றை எழுதி, சேவையகத்தில் உள்ள கோப்பின் உள்ளடக்கத்தை உங்கள் பிடிஎஃப்பிலேயே அச்சிட்டு எடுத்துச் செல்ல ஒருவரால் முடியும். எஃப்ஓபியின் 2.1 வரையிலான பதிப்புகளில், எஸ்விஜி கோப்புகள் வழியாக இதே வகைத் தாக்குதலுக்கு இடம் இருந்தது 2017-இல் அறிவிக்கப்பட்டு, 2.2 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. ஆகவே எஃப்ஓபியைப் புதுப்பித்து வையுங்கள். மூல எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பார்சரிலும், நடைதாளைத் தொகுக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்-ஃபேக்டரியிலும் பாதுகாப்பான செயலாக்கத் தெரிவை இயக்கி, வெளிப்புற வரையறைகளையும் வெளிப்புற நடைதாள்களையும் அணுகுவதை முடக்குங்கள். பயனர் தரும் நடைதாளை இயக்குவது, அவர் தரும் நிரலை இயக்குவதற்குச் சமம். விரிவாக்கச் சார்புகள் வழியாக அது ஜாவாவையே அழைக்கக்கூடும்.

நீண்ட காலம் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களுக்கு என்ன செய்வது?

அதற்கென்றே பிடிஎஃப்/ஏ என்ற தரம் உள்ளது. அதன் முதல் பகுதி 2005-இல் ஐஎஸ்ஓ 19005-1 என வெளியானது. எஃப்ஓபியின் அமைவிலேயே இந்த முறையை இயக்கலாம். இயக்கியதும், உட்பொதியாத எழுத்துருக்களும் கடவுச்சொல் பூட்டும் ஏற்கப்படமாட்டா. அதுவரை கவலையின்றிப் பயன்படுத்திய 14 அடிப்படை எழுத்துருக்களுக்கும் உட்பொதியக்கூடிய மாற்று எழுத்துருவைத் தர வேண்டியிருக்கும். தலைப்பகுதியின் மூலையில் யாரும் கவனிக்காத ஒரே ஒரு பிளாக் பழைய எழுத்துருவில் இருந்தாலும் ஆக்கம் நின்றுவிடும். வேரிலேயே எழுத்துருவை அமைத்துவிடுவது இதற்கு எளிய தீர்வு.

இன்று புதிதாகத் தொடங்குபவர் எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓவைத் தேர்ந்தெடுக்கலாமா?

தரம் 1.1-க்கு மேல் வளரவில்லை, 2.0 பதிப்புக்கான பணி முடிக்கப்படாமலேயே நின்றது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டிலும் தேர்ந்த குழுவுக்கு ஓப்பன்எச்டிஎம்எல்டுபிடிஎஃப் போன்ற ஜாவா நூலகங்கள் விரைவில் பலன் தரும். ஒரு பக்கக் கடிதத்துக்கு நானே அந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் தரவு ஏற்கெனவே எக்ஸ்எம்எல்லில் இருந்து, ஆவணம் நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீண்டு, தொடர் தலைப்பும் குறுக்குக் குறிப்பும் பக்கந்தோறும் மாறும் அச்சும் வேண்டுமானால், எஃப்ஓ இன்னும் உறுதியான தேர்வு. டாக்புக், டிட்டா போன்ற தொழில்நுட்ப ஆவண முறைகள் இன்றும் இவ்வழியில் பிடிஎஃப் ஆக்குகின்றன. எஃப்ஓபியின் எல்லைகள் போதாதபோது, அதே நடைதாளைச் சிறு மாற்றங்களுடன் ஆன்டெனா ஹவுஸ், ரெண்டர்எக்ஸ் போன்ற வணிகச் செயலிகளுக்கு எடுத்துச் செல்ல முடிவதும் ஒரு பலம்.

நடைதாளை மாற்றியபின் பழைய ஆவணங்கள் கெடவில்லை என்று தானியங்கியாகச் சோதிப்பது எப்படி?

இரண்டு பிடிஎஃப் கோப்புகளைப் பைட் பைட்டாக ஒப்பிடாதீர்கள்; உருவாக்கிய நேரம் ஆவணத்துக்குள் பதிவாவதால் ஒன்றே போன்ற ஆவணங்களும் வேறுபட்டுத் தெரியும். நான் பின்பற்றும் முறை இரண்டு படிகள் கொண்டது. முதலில், மாதிரித் தரவுகளுக்கு நடைதாள் உருவாக்கும் எஃப்ஓ ஆவணத்தை, ஏற்கெனவே சரிபார்த்துச் சேமித்த எஃப்ஓ ஆவணத்துடன் எக்ஸ்எம்எல்லாக ஒப்பிடுகிறேன். இதற்கு எஃப்ஓபியே தேவையில்லை, சோதனை நொடிகளில் முடியும். பின்னர் பிடிஎஃப்பாக்ஸ் நூலகத்தால் பிடிஎஃப்பின் பக்க எண்ணிக்கையையும் உரையையும் எடுத்துச் சரிபார்க்கிறேன். மாதிரித் தரவுகளில் ஒரு வரிசை மட்டும் உள்ளது, சரியாக ஒரு பக்கத்தை நிறைப்பது, அதைவிட ஒரே ஒரு வரிசை கூடுதலாக உள்ளது, மதிப்புகள் வெறுமையாக உள்ளது ஆகிய நான்கும் கட்டாயம் இடம்பெற வேண்டும். பக்க எல்லையை ஒட்டிய மூன்றாவது மாதிரியில்தான் பிழைகள் அதிகம் பிடிபடுகின்றன.